வயிற்றுக்கு மருந்து, நுரையீரலுக்கு எமன்!
மாட்டுக்கு எண்ணெய் ஊற்றும்போது புரையேறினால் உள்ளே என்ன நடக்கிறது?

மாடு வயிறு உப்பி நிற்கிறது. இடது பக்க வயிற்றுக்குழி மேலெழும்பி, தட்டினால் மத்தளம் போல ஒலிக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து சேர நேரமாகும். வீட்டில் இருப்பவர்கள் முதலில் தேடுவது நல்லெண்ணெய்ப் புட்டியைத்தான். ஒருவர் மூக்கணாங்கயிற்றை மேலே தூக்கிப் பிடிக்கிறார். ஒருவர் நாக்கை வெளியே இழுக்கிறார். இன்னொருவர் கால் லிட்டர் எண்ணெயை மளமளவென்று ஊற்றிவிடுகிறார். மாடு இரண்டு முறை இருமுகிறது. பிறகு ஏப்பம் விட்டு, உப்புசம் வடிகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இரண்டு, மூன்று நாள் கழித்து அந்த மாடு தீனி எடுக்காமல், காய்ச்சலோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது.

கிராமங்களில் இது புதிதல்ல. உப்புசத்தில் பிழைத்த மாடு அதற்குக் கொடுத்த வைத்தியத்தில் செத்துப்போவதுண்டு. 'உப்புசம் திரும்பி வந்துவிட்டது', 'கண் பட்டுவிட்டது' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். உண்மையில், வயிற்றுக்குப் போக வேண்டிய எண்ணெயில் ஒரு பங்கு மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போயிருக்கிறது. ஒரே எண்ணெய் வயிற்றில் மருந்தாகவும் நுரையீரலில் நஞ்சாகவும் இருப்பது ஏன் என்று புரிந்துகொண்டால், புட்டியைத் தூக்கும் முன் கை தானாக நிதானிக்கும்.

நுரையீரலுக்கும் ஓர் 'ஒட்டும் திரவம்'

சேம்பு இலையிலும் வாழை இலையிலும் வெறும் தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். அதனால்தான் பூச்சிக்கொல்லியோடு டீப்பால் போன்ற ஒட்டும் திரவத்தையோ காதி சோப்புக் கரைசலையோ கலக்கச் சொல்கிறோம். தண்ணீருக்குத் தன்னைத் தானே இறுக்கிச் சுருட்டிக்கொள்ளும் குணம் உண்டு. அதைப் பரப்பு இழுவிசை என்பார்கள். சோப்பு அந்த இழுவிசையைக் குறைப்பதால், கரைசல் இலை முழுதும் படர்கிறது.

இதே சிக்கல் நுரையீரலிலும் இருக்கிறது. மூச்சுக்குழாய் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து, கடைசியில் மிக நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. மனித நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றறைகள் உள்ளன. அவற்றை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அதாவது ஒன்றே முக்கால் சென்ட் நிலம். ஒவ்வொரு அறையின் உட்சுவரிலும் மெல்லிய ஈரப்படலம் உண்டு. அந்த ஈரம் வெறும் தண்ணீராக இருந்தால், மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் அறைகள் நனைந்த பாலித்தீன் பை போல ஒட்டிக்கொள்ளும். மறுபடி விரிக்க உயிரே போகிற பாடாக இருக்கும்.

அப்படி ஆகாமல் காப்பது, காற்றறைச் சுவரில் உள்ள ஒரு வகைச் செல்கள் சுரக்கும் ஒட்டும் திரவம். அறிவியலில் இதற்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். டீப்பாலையும் விஞ்ஞானிகள் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள். இதைச் செய்யும் செல்கள் காற்றறைப் பரப்பில் 5 சதவிகிதம் இடத்தைத்தான் பிடித்திருக்கின்றன. ஆனால் அவை வேலையை நிறுத்தினால் நுரையீரல் முழுதும் நின்றுவிடும்.

இந்தத் திரவத்தில் சுமார் 90 சதவிகிதம் கொழுப்பு, மீதி புரதம். அந்தக் கொழுப்பின் முக்கியப் பகுதி பால்மிடிக் அமிலத்தால் ஆனது. பாமாயிலிலும் பால் கொழுப்பிலும் ஏராளமாக இருக்கும் அதே கொழுப்பு அமிலம்தான் இது. நுரையீரல் செல் இதை இரண்டு வழிகளில் தேடிக்கொள்கிறது. ரத்தத்தில் வரும் கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொள்ளும். போதாவிட்டால் சர்க்கரையைக் கொண்டு தானே தயாரித்துக்கொள்ளும். பிறகு அதை வேறு பொருள்களோடு இணைத்து, மடிப்பு மடிப்பாகச் சுருட்டிப் பொட்டலமாகச் சேமிக்கும். ஆழமாக மூச்சு இழுக்கும்போது செல் நீள்கிறது, பொட்டலம் வெளியே அவிழ்கிறது. பயன்பட்ட கொழுப்பில் பெரும் பங்கை அதே செல்கள் திரும்ப உள்ளே எடுத்துப் புதுப்பித்து மறுபடி பயன்படுத்துகின்றன. நல்ல பண்ணையில் சாணம் வீணாகாமல் எருவாகி வயலுக்குத் திரும்புவதைப் போன்ற ஏற்பாடு இது.

மாட்டின் நுரையீரல் கொடுத்த உயிர்

இந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் குறைமாதக் குழந்தைகளிடம்தான் கற்றுக்கொண்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலர் மூச்சு விட முடியாமல் ஓரிரு நாளில் இறந்துபோவார்கள். காரணம் தெரியாமல் இருந்தது. 1959-ல் அமெரிக்க மருத்துவர்கள் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும், இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் போதவில்லை என்று காட்டினார்கள். அதைச் சுரக்கும் செல்கள் முதிர்வதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது என்பதுதான் விஷயம். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 1963-ல் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டே நாளில் இறந்தது இந்த நோயால்தான். அதிபரின் பிள்ளைக்கே அன்று மருந்து இல்லை.

மருந்து கிடைத்தது மாட்டிடமிருந்து. ஜப்பானிய மருத்துவர் தெத்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து இந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, பால்மிடிக் அமிலமும் சேர்த்துப் பக்குவப்படுத்தினார். அதை 10 குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டதை 1980-ல் வெளியிட்டார். இன்று மாடு, பன்றி ஆகியவற்றின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படும் சர்ஃபாக்டன்ட் மருந்துகள், இந்தியா உட்படப் பல நாடுகளில் பச்சிளம் குழந்தைகளைக் காப்பாற்றி வருகின்றன.

'நுரையீரலுக்குள் கொழுப்பு போனால் ஆபத்து என்கிறீர்கள், இங்கே கொழுப்பையே மருந்தாகச் செலுத்துகிறார்களே?' என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. அது நுரையீரல் செல்களே கட்டி முடித்த கொழுப்பு. நாம் புட்டியில் ஊற்றுவது அப்படியல்ல.

கட்டிய காளையும் அவிழ்ந்த காளையும்

தாவர எண்ணெயாக இருந்தாலும் விலங்குக் கொழுப்பாக இருந்தாலும், மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலோடு சேர்ந்திருப்பதுதான் அதன் அமைப்பு. உடம்பில் கொழுப்பு அமிலம் எப்போதும் ஏதாவது ஒன்றோடு கட்டப்பட்டே இருக்கும். கட்டிய காளை ஏர் உழும். அவிழ்த்து விட்டால் பயிரை மேயும். தனியாக விடுபட்ட கொழுப்பு அமிலமும் அப்படித்தான், செல்லின் மேலுறையைக் கரைத்துக் கிழித்துவிடும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் சோப்புக் கரைசல் தெளிக்கிறோமே, அந்தச் சோப்பு கொழுப்பு அமிலத்தின் உப்புதான். மென்மையான உடம்புள்ள பூச்சியின் மேல்தோலையும் செல்லையும் அது சிதைத்துக் கொல்கிறது. நுரையீரலின் உட்சுவர் அசுவினியின் தோலைவிட மென்மையானது.

எண்ணெயைக் கையாள வயிற்றில் ஆள் இருக்கிறது. அசையூண் வயிற்றில் உள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் எண்ணெயைப் பிரித்து, கொழுப்பு அமிலங்களின் தன்மையையே மாற்றிவிடுகின்றன. குடலில் பித்தநீரும் கணைய நீரும் மிச்ச வேலையைப் பார்க்கின்றன. நுரை உப்புசத்தில் எண்ணெய் வேலை செய்வதும் இந்த வயிற்றில்தான். பிடிவாதமாக நிற்கும் நுரையை அது உடைக்கிறது, சிக்கிய வாயு ஏப்பமாக வெளியேறுகிறது.

நுரையீரலில் பித்தநீரும் இல்லை, கணைய நீரும் இல்லை. மேல் மூச்சுக்குழாய்களின் சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டைக்குத் தள்ளிவிடும். எண்ணெய் படிந்தால் இந்த மயிரிழைகள் சேற்றில் சிக்கிய துடைப்பம் போல ஆகிவிடும். அதற்கும் கீழே, காற்றறைகளில் மயிரிழைகளே கிடையாது. அங்கே துப்புரவு செய்பவை ஒரு வகை வெள்ளணுக்கள் மட்டும்தான். அவை எண்ணெய்த் துளிகளை விழுங்கி விழுங்கி, நுரை நிறைந்த பை போல வீங்குகின்றன. செரிக்க முடியாமல் செத்து வெடித்தால், உள்ளே இருந்த எண்ணெய் வெளியே வருகிறது. அதை அடுத்த அணு விழுங்குகிறது. நாளடைவில் அந்த இடம் தழும்பாக இறுகிவிடும். வாயிலிருந்தும் அசையூண் வயிற்றிலிருந்தும் எண்ணெயோடு போன கிருமிகள் பெருகினால், நுரையீரல் அழுகத் தொடங்கும்.

எந்த எண்ணெய் என்ன செய்யும்?

எண்ணெய் மூக்குச் சொட்டு மருந்தும் எண்ணெய்ப் பேதி மருந்தும் மனித நுரையீரலைக் கெடுப்பதை 1925-ல் லாஃப்லன் என்ற மருத்துவர் முதலில் எழுதினார். 1928-ல் பிங்கர்ட்டன் என்ற ஆய்வாளர், பலவகை எண்ணெய்களை விலங்குகளின் நுரையீரலில் செலுத்திப் பார்த்து வேறுபாட்டைக் காட்டினார். அதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்.

விலங்குக் கொழுப்பு (மீன் எண்ணெய், நெய்): நுரையீரலில் உள்ள நொதிகள் இதை உடைத்துவிடும். கொழுப்பு அமிலங்கள் கட்டவிழ்ந்து திசுவைப் புண்ணாக்கும். வீக்கம் கடுமையாக இருக்கும். கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சத்துக்காக மீன் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாவர எண்ணெய் (நல்லெண்ணெய், கடலை எண்ணெய்): நுரையீரலில் எளிதில் உடையாது. அதனால் புண் குறைவு. ஆனால் மாட்டுக்கு ஊற்றுவது சொட்டு அல்ல, கால் லிட்டர். அந்த அளவே காற்றறைகளை அடைத்துவிடும்.

கனிம எண்ணெய் (லிக்விட் பாரஃபின்): இதில் கொழுப்பு அமிலமே இல்லை, உடம்பால் செரிக்கவும் முடியாது. மணமும் உறுத்தலும் இல்லாததால், மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராமலே போய்விடலாம். 'மாடு இருமவில்லை, அதனால் சரியாகத்தான் போயிருக்கிறது' என்று நம்ப முடியாது.

மண்ணெண்ணெய், டீசல், டர்பன்டைன்: தண்ணீர் போல இளகியவை. ஒரு மடக்கு போதும், நுரையீரலின் அடி வரை பரவி, சர்ஃபாக்டன்ட் படலத்தைக் கரைத்துவிடும். உப்புசத்துக்கு டர்பன்டைன் கலந்து கொடுக்கும் பழக்கத்தை மருத்துவர் இல்லாமல் செய்யவே கூடாது.

புரையேறுவது எதனால்?

மாடு விழுங்க வேண்டுமானால் நாக்கு அசைய வேண்டும். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால் விழுங்க முடியாது. தலையை வானம் பார்க்கத் தூக்கினால், தொண்டையில் தேங்கும் திரவம் மூச்சுக்குழாய்க்குள் தானாக இறங்கும். நாசியைப் பொத்தினால், திணறி மூச்சை இழுக்கும்போது எண்ணெயும் சேர்ந்து உள்ளே போகும். மாட்டுக்கு வலது நுரையீரலின் முன்பகுதிக்குத் தனியாக ஒரு கிளைக்குழாய் மூச்சுக்குழாயிலிருந்தே பிரிந்து போகிறது. இறங்கும் எண்ணெய் அங்கேதான் எளிதில் சேர்கிறது.

எண்ணெய் கொடுத்தே ஆக வேண்டுமா?

முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ஈரமான குதிரை மசால், தட்டைப்பயறு போன்ற பயறு வகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் மேய்ந்து வரும் நுரை உப்புசத்துக்குத்தான் எண்ணெய் உதவும். மாட்டுப் பொங்கலன்றும் விசேஷ வீடுகளிலும் சோறும் பொங்கலும் அளவுக்கு மீறித் தின்றால், வயிற்றில் அமிலம் பெருகும். அதற்கு எண்ணெய் மருந்தல்ல. காய்கறித் துண்டோ மாங்கொட்டையோ தொண்டையில் அடைத்ததால் வரும் உப்புசத்தில், எதை ஊற்றினாலும் நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

மருத்துவர் வரும் வரை செய்யக்கூடியவை இவை: தீவனத்தை நிறுத்த வேண்டும். முன்கால்கள் மேட்டிலும் பின்கால்கள் பள்ளத்திலும் இருக்கும்படி நிறுத்த வேண்டும். வாயில் குறுக்காக ஒரு குச்சியைக் கட்டிவிட்டால், மென்றுகொண்டே எச்சில் ஊறி ஏப்பம் வரும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மருத்துவர் இரைப்பைக் குழாய் வழியாக எண்ணெயை நேராக வயிற்றுக்குள் விடுவார். அதுதான் பாதுகாப்பான வழி.

மருத்துவர் சொல்லி வாய்வழியாகக் கொடுக்கும்போது:

* மாடு நின்றுகொண்டு, தெளிவாக இருக்க வேண்டும். படுத்திருக்கும் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.
* வாய், கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது.
* நாக்கை இழுக்கக் கூடாது. மூக்கைப் பொத்தக் கூடாது. மூக்கு வழியாக எதையும் ஊற்றக் கூடாது.
* கடைவாய் ஓரம், பல் இல்லாத இடைவெளியில் பிளாஸ்டிக் புட்டியை வைத்து, ஒரு மடக்கு ஊற்ற வேண்டும். அது விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த மடக்கு.
* இருமினாலோ திமிறினாலோ உடனே நிறுத்தித் தலையைத் தாழ விட வேண்டும். மிச்சத்தைக் கொட்டினாலும் நஷ்டமில்லை.

கன்று ஈன்ற ஓரிரு நாளில், காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துக் கிடக்கும் மாட்டுக்குப் பால் காய்ச்சல் இருக்கலாம். அதற்கு விழுங்கும் திறனே குறைந்திருக்கும். கஞ்சியோ, கருப்பட்டித் தண்ணீரோ, எண்ணெயோ எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும் மாட்டை, கஞ்சி ஊற்றிக் கொல்ல வேண்டாம்.

மூலிகை மருந்து கொடுப்பவர்களுக்கு எளிய வழி உண்டு. அரைத்த விழுதை வெல்லம் சேர்த்துச் சிறு உருண்டையாக்கி, கல் உப்பில் தொட்டு நாக்கின் மேல் தேய்த்துவிடலாம். மாடு தானே சப்பி விழுங்கும், புரையேறும் வாய்ப்பு மிகவும் குறைவு.

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: எண்ணெய் ஊற்றும்போது இருமியது, பிறகு சரியாகிவிட்டது. இனி பயமில்லையா?
பதில்: குறைந்தது மூன்று, நான்கு நாள் கவனிக்க வேண்டும். காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்க்கலாம். மாட்டுக்கு 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனாலோ, மூச்சு வேகமானாலோ, கழுத்தை நீட்டி நின்றாலோ, மூக்கில் துர்நாற்றச் சளி வந்தாலோ, அசை போடுவதை நிறுத்தினாலோ அன்றே மருத்துவரிடம் எண்ணெய் ஊற்றியதைச் சொல்ல வேண்டும். மறைத்தால் சிகிச்சை திசைமாறிவிடும். உள்ளே போன எண்ணெயை வெளியே எடுக்க மருந்து கிடையாது. கிருமித் தொற்றையும் வீக்கத்தையும்தான் கட்டுப்படுத்த முடியும். அதனால் ஆரம்பத்திலேயே பார்ப்பது முக்கியம்.

கேள்வி: புட்டியில் பால் குடிக்கும் ஆட்டுக்குட்டிகள் சளி பிடித்து இறக்கின்றன. இதுவும் அதுதானா?
பதில்: இருக்கலாம். ரப்பர் காம்பின் ஓட்டையைப் பெரிதாக வெட்டினால், குட்டி விழுங்கும் வேகத்தைவிட அதிகமாகப் பால் கொட்டும். பாலிலும் விலங்குக் கொழுப்பு இருக்கிறது. குட்டியை நிற்க வைத்து, தாய்மடியில் குடிக்கும் அளவுக்கே தலையை உயர்த்திக் கொடுக்க வேண்டும். புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக வரவேண்டும், ஒழுகக் கூடாது. சப்பும் வலு இல்லாத குட்டிக்கு வாயில் ஊற்றாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது நல்லதுதானே?
பதில்: கூடாது. குழந்தைகளின் நுரையீரலில் எண்ணெய் இறங்கி வரும் நிமோனியாவைத் தென்னிந்தியாவில் மருத்துவர்கள் 1970-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பில் தேய்க்கலாம். மூக்கிலும் அழும் குழந்தையின் வாயிலும் எண்ணெயோ நெய்யோ விளக்கெண்ணெயோ விட வேண்டாம். பாட்டிமார்களுக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள்.

கேள்வி: பேரலிலிருந்து டீசலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுக்கிறோம். கொஞ்சம் வாயில் பட்டால் என்ன?
பதில்: வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து. சில மில்லி புரையேறினாலே கடுமையான நிமோனியா வரும். கையால் அழுத்தும் பம்பு குறைந்த விலையில் கிடைக்கிறது. யாராவது டீசலோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில் வரும்போதுதான் நுரையீரலுக்குள் ஏறும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் உப்புசத்தைத் தடுக்க என்ன வழி?
பதில்: பசும் பயறு வகைத் தீவனத்தை அறுத்து, சில மணி நேரம் வாடவிட்டுப் போடுங்கள். மேயவிடும் முன் கொஞ்சம் வைக்கோலோ சோளத்தட்டையோ கொடுங்கள். பனி காய்வதற்குள் பயறு வயலில் விடாதீர்கள். சோறு, கஞ்சி, மாவு வகைகள் எட்டும் இடத்தில் மாட்டைக் கட்டாதீர்கள். உப்புசமே வராத மாட்டுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டிய தேவையும் வராது.